ஆலைச் சங்கும் பால் சங்கும்

கைக்குழந்தை உள்ள வீட்டில் எந்த வேலையும் குழந்தை தூங்கினால்தான் நடக்கும். உலையில் அரிசி களைந்து போடுவது, துணி அலசுவது, ஏன், ஒரு வாய் சாதம் சாப்பிடுவதுகூடத் தொட்டிலைப் பார்த்துக்கொண்டேதான். "இன்னும் ஒரு அரை மணி தூங்கேன் என் கண்ணு!" என்று கெஞ்சாத தாய் உண்டா? அந்த நேரத்தில் யாராவது ஒரு பாட்டிலை நீட்டி, "இதில் ஒரு சங்கு ஊற்றிவிடு. சாயங்காலம் வரைக்கும் அசையாமல் தூங்கும்" என்று சொன்னால் வாங்கிக்கொள்வோமா?

"ஐயோ, மாட்டோம்" என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் சகோதரிகளே, சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் அந்தப் பாட்டிலை வாங்கினார்கள். அவர்கள் பாசம் இல்லாதவர்கள் அல்ல. பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் கதையைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன். பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற கதை இது.

ராட்டை போய் ஆலை வந்தது

நம் கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம். அசல் மான்செஸ்டர் இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற வட்டாரத்தில் இருக்கிறது. ஆலைகள் வருவதற்கு முன்னால் அங்கேயும் வீட்டில்தான் நூல் நூற்றார்கள். பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துக் கொடுக்கும், அம்மா ராட்டையில் நூற்பாள், அப்பா தறியில் நெய்வார். கஷ்ட ஜீவனம்தான். ஆனாலும் குழந்தை அழுதால் ராட்டையை நிறுத்திவிட்டுப் பால் கொடுக்கலாம். வேலையும் தொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

1764 வாக்கில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் என்பவர் ஒரே சமயத்தில் பல இழைகளை நூற்கும் ஜென்னி இயந்திரத்தைச் செய்தார். 1769-ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணீர் விசையால் ஓடும் நூற்பு இயந்திரத்துக்கு உரிமை வாங்கினார். 1771-ல் குரோம்ஃபோர்டு என்ற ஊரில் அவருடைய ஆலை எழுந்தது. பிறகு நீராவி வந்தது. மான்செஸ்டர், பிரஸ்டன், பிளாக்பர்ன், ஓல்டாம் என்று ஊருக்கு ஊர் புகைபோக்கிகள் முளைத்தன. ஆலை நூலின் விலைக்கு முன்னால் வீட்டு ராட்டை நிற்குமா? அதை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டுக் கூலியைத் தேடி அம்மா ஆலைக்குப் போனாள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதால் முதலாளிகளும் அவர்களையே விரும்பி எடுத்தார்கள்.

விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். கடிகாரம் வாங்க வசதியில்லாத தெருக்களில், நீளக் கழியால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே ஆள் உண்டு. அவருக்கு வாரா வாரம் சில காசு கொடுக்க வேண்டும். தாமதமாகப் போனால் ஆலைக் கதவு சாத்தியிருக்கும், கூலியில் அபராதம் பிடிப்பார்கள்.

உள்ளே எப்படி இருக்கும்? காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று சூடும் ஈரமுமாகவே வைத்திருப்பார்கள். பஞ்சுத் தூசி மூச்சில் ஏறும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சை அடைக்கும். அதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர். அது வருடக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் கெட்டுவிடும். தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் சத்தத்தில் பேச்சே கேட்காது. அதனால் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். நூல் மாற்றும்போது நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சி நூலை வெளியே இழுக்க வேண்டும். ஒரே நாடாவில் எத்தனை பேர் வாய்! நோய் பரவ வேறு வழி வேண்டுமா?

பிள்ளைகளின் பாடு அதைவிடக் கொடுமை. ஓடுகிற இயந்திரத்தின் கீழே தவழ்ந்துபோய்ச் சிதறிய பஞ்சைப் பொறுக்குவது சின்னப் பிள்ளைகளின் வேலை. 1833-ல்தான், ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களைப் பஞ்சாலையில் வைக்கக்கூடாது என்றும், ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் சட்டம் வந்தது. நம் வீட்டு நாலாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 9 மணி நேரத்தோடு விட்டதே அன்றைக்குப் பெரிய கருணை!

பெரிய பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 1844-ல் அவர்களுக்கு நாளைக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வந்தது. 1847-ல் அது 10 மணி நேரம் ஆனது.

சட்டை நனைந்த பால்

பிரசவமான பெண் என்ன செய்தாள்? விடுமுறை என்று ஒன்று கிடையாது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. ரொம்ப நாள் போகாவிட்டால் தறியே வேறொருத்திக்குப் போய்விடும். உடம்பு தேறுவதற்குள், சில பேர் இரண்டு மூன்று வாரத்திலேயே திரும்பிப் போனார்கள்.

1844-ல் ஆஷ்லி பிரபு ஆங்கிலேயப் பாராளுமன்றத்தில் ஆலைப் பெண்கள் சிலரின் வாக்குமூலத்தை எடுத்துச் சொன்னார். எங்கெல்ஸ் 1845-ல் வெளியிட்ட புத்தகத்திலும் அது வருகிறது. இருபது வயதுப் பெண் ஒருத்தி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். பால்குடி மறக்காத குழந்தை வீட்டில். நாள் முழுக்கப் பால் சுரந்து உடுப்பெல்லாம் நனைந்து சொட்டுமாம். இன்னொருத்தி மார்வலியால் துடித்ததைச் சொல்லியிருக்கிறாள். பால் கட்டிக்கொண்டால் என்ன வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தறிமேல் பால் சிந்துகிறது, வீட்டிலே பிள்ளை பசியில் கத்துகிறது. இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார்? பக்கத்து வீட்டுக் கிழவி. இல்லாவிட்டால் ஏழெட்டு வயது அக்கா. கொடுத்தது ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை போட்டுப் பிசைந்த கூழ். பச்சைக் குழந்தை வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளுமா? அழும். நான்கைந்து குழந்தைகளை ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கும் கிழவி என்ன செய்வாள்? மூலைக்கடையில் வாங்கி வைத்திருக்கும் பாட்டிலைத் திறப்பாள்.

அந்த மருந்துக்குப் பெயர் காட்ஃபிரே கார்டியல். வெல்லப்பாகு மாதிரி ஒரு பாகு, தண்ணீர், கொஞ்சம் வாசனைச் சரக்கு, அதோடு அபின். ஆமாம், அபினேதான்! டாக்டர் சீட்டு வேண்டாம். மளிகைக் கடையில்கூடக் கிடைத்தது. விலையும் சொற்பம். ஒரு கடையில் கலப்பது ஒரு வீரியம், அடுத்த கடையில் வேறு வீரியம். கடை மாறினால் அதே ஒரு ஸ்பூன், குழந்தையைத் திரும்ப எழ முடியாத தூக்கத்தில் தள்ளிவிடும்.

அப்படி உடனே போன குழந்தைகளைவிட மெல்ல மெல்லப் போனவை அதிகம். அபின் பசியை மறக்கடித்துவிடும். பசித்தால்தானே குழந்தை அழும், அழுதால்தானே யாராவது ஊட்டுவார்கள்? தூங்கித் தூங்கியே இளைத்து, கிழவர் முகம்போல் சுருங்கிப்போன குழந்தைகளைப் பற்றி அந்தக் கால டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1868-ல் அபின் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்போதும் பேட்டண்ட் மருந்துகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை ஆலைப் பெண்கள் மட்டும் கொடுக்கவில்லை. வசதியான வீடுகளில் ஆயாக்களும் கொடுத்தார்கள். ஆனால் பழி முழுவதும் விழுந்தது ஆலைத் தாயின் தலையில்தான். "பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் சம்பாதிக்கப் போனாளே" என்றார்கள்.

பட்டினியில் கிடைத்த பால்

இந்தப் பழி நியாயம்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் தானாகவே வந்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்குப் படை அடைத்துவிட்டது. லங்காஷயருக்கு வந்த பஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1862 கடைசியில் சுமார் 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். 'பஞ்சுப் பஞ்சம்' என்று இதற்குப் பெயர். வேலையிழந்த பெண்களுக்குத் தையல் பள்ளிகள் திறந்தார்கள். நாளெல்லாம் நூலோடும் துணியோடும் உழன்றவர்களில் பல பேருக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியவில்லை. கற்றுக்கொள்ள நேரம் எங்கே இருந்தது, பாவம்!

நிலைமையைப் பார்த்து வர டாக்டர் எட்வர்டு ஸ்மித் என்பவரை அரசாங்கம் அனுப்பியது. ஊரெல்லாம் பட்டினி. அந்த நடுவிலும் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தாய்மார்கள் வீட்டில் இருந்ததால் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கிடைத்தது. காட்ஃபிரே மருந்து தேவைப்படவில்லை. சமையல் கற்றுக்கொள்ளவும் பெண்களுக்கு நேரம் கிடைத்தது. பின்னால் கார்ல் மார்க்ஸும் தம்முடைய மூலதனம் என்ற நூலில் இதை எடுத்துச் சொன்னார்.

பார்த்தீர்களா? நேரம் கிடைத்த மறு நாளே அந்தத் தாய் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு மாரோடு பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அவளுக்குப் பாசம் குறைவு என்று சொன்னவர்கள் வாயை இனி எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்?

"அப்படியானால் பெண்கள் வீட்டோடு இருப்பதுதான் நல்லது" என்று சிலர் முடிவு கட்டினார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குழந்தை பால் குடித்த அதே வீட்டில் அம்மா நிவாரணக் கஞ்சிக்கு வரிசையில் நின்றாள். ஆலை ஓடியபோது கூலி இருந்தது, நேரம் இல்லை. ஆலை நின்றபோது நேரம் இருந்தது, கூலி இல்லை. பால் கொடுக்கிற தாய்க்கு இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும். வயிறும் நிறைய வேண்டும், மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளப் பொழுதும் வேண்டும். பேறுகால விடுமுறை என்று இன்று நாம் சொல்வதன் சாரமே இதுதான்.

இவ்வளவு எளிய விஷயம் ஆள்பவர்களுக்குப் புரிய எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? 1891-ல் இங்கிலாந்தில், பிரசவமாகி நான்கு வாரத்துக்குள் பெண்ணை ஆலை வேலையில் வைக்கக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். "வீட்டில் இரு" என்றது சட்டம். எதைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பது என்று சொல்லவில்லை. அதற்குக் கூலி கிடையாது! 1901-ல் லங்காஷயர் ஆலைப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு 29,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் செய்யும் இடத்தில் நம் குரல் இல்லாவிட்டால் நம் பிள்ளைக்குச் சட்டம் வராது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1911-ல் வந்த இன்ஷூரன்ஸ் சட்டத்தில் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை சேர்ந்தது.

பம்பாய்க்கு வந்த அதே மருந்து

அமெரிக்கப் பஞ்சு நின்றபோது லங்காஷயர் நம் நாட்டுப் பஞ்சைத் தேடியது. பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. 1850-களிலேயே அங்கே முதல் ஆலை தொடங்கியிருந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1920-களில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள். ஒற்றை அறைச் சால்களில் குடியிருப்பு. கொங்கணக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்குத் துணைக்கு மாமியாரோ அம்மாவோ இல்லை.

அங்கேயும் அபின்தான்! பாட்டிலுக்குப் பதில் சின்ன உருண்டை. 'பால கோலி' என்று பெயர். 1920-களின் தொடக்கத்தில் ஆலைப் பெண்களின் பிரசவ நிலையை ஆராய பம்பாய் அரசு டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை நியமித்தது. மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அபின் கொடுக்கப்படுகிறது என்று அவர் கண்டார். கடல் தாண்டி, மொழி தாண்டி, மதம் தாண்டி அதே மருந்து. ஏனென்றால் அதே ஆலை, அதே பத்து மணி நேரம்.

1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகாலச் சலுகை மசோதா வந்தது. டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்றும், அந்தச் செலவில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்றும் வாதாடினார். 1929-ல் சட்டம் நிறைவேறியது. 1934-ல் சென்னை மாகாணத்திலும் அப்படி ஒரு சட்டம் வந்தது. 1961-ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. சட்டம் வந்ததும், "பெண்களை எடுத்தால்தானே இந்தச் செலவு?" என்று பல ஆலைகள் பெண்களையே குறைத்துக்கொண்டன. சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, பின்னால் நின்று கேட்கவும் ஆள் வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்த 26 வாரம் யாருக்குக் கிடைக்கிறது? ஆபீசில், பெரிய ஆலையில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வருகிறாளே, அவளுக்கு? அவள் பிரசவத்துக்குப் போனால் நாம் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். அவளும் வேலை போய்விடுமே என்று பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வருகிறாள். சட்டை நனைய நனைய நம் முற்றத்தில் உட்கார்ந்து தேய்க்கிறாள். ஆலை முதலாளியைத் திட்டுவது சுலபம். அவளுக்கு முதலாளி நாம்தானே?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவள் வேலை பார்க்கும் மூன்று நான்கு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை ஆளுக்கு அவரவர் பங்காகக் கொடுத்துவிடலாம். "உன் இடம் உனக்கே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அவள் நிம்மதியாகப் பால் கொடுப்பாள். கர்ப்பம் தெரிந்ததுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவிக்கு அந்தப் பதிவு அவசியம். எழுதப் படிக்கத் தெரியாதவளாக இருந்தால் கூடப் போய்ப் பதிந்து கொடுங்கள்.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரும் வேண்டாம், கூழும் வேண்டாம். தூக்கத்துக்கென்று கசகசாவோ, ஜாதிக்காயோ, எந்தச் சூரணமோ கொடுக்காதீர்கள். தூக்கம் வரும் என்பதற்காகச் சளி மருந்தை ஊற்றுவதும் கூடவே கூடாது. பாட்டி கொடுத்தார் என்றால் பாட்டியிடம் பதமாக எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை வழக்கத்தைவிட ரொம்பத் தூங்கி, பாலுக்கும் எழுந்திருக்கவில்லை என்றால் "சமர்த்துக் குழந்தை" என்று சும்மா இருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே பாலைப் பீய்ச்சிப் பழகிக்கொள்வது நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பீய்ச்சி வையுங்கள். வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் கொடுப்பதே மேல். ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக வைக்கலாம். அடுப்பில் வைத்துச் சுட வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, சங்கிலோ பாலாடையிலோ புகட்டச் சொல்லுங்கள். ஆபீசில் நடுவில் ஒரு தடவை பீய்ச்சிவிட்டால் பால் கட்டாது, சுரப்பும் குறையாது. அதற்கு நேரமும் மறைவான இடமும் கேளுங்கள். கேட்க வெட்கம் எதற்கு? இதற்காக நூறு வருஷம் போராடியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

குழந்தை அழுவது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல. "நான் இருக்கிறேன், எனக்குப் பசிக்கிறது" என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்க அதன் அம்மாவுக்கு நேரம் இருக்க வேண்டும். அந்த அம்மா நம் மகளாக இருந்தாலும் சரி, நம் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளாக இருந்தாலும் சரி.